மேத்ஸ் நல்லா வருது, அப்போ இன்ஜினியரிங் தானே?

பன்னெண்டாவது படிக்கிற பிள்ளைங்க இருக்கற வீட்டுல அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சா போதும், இந்தப் பேச்சு ஆரம்பிச்சிடும். நான் சேலத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மேத்ஸ் எடுக்கறேன், படிச்சது பிஎஸ்சி மேத்ஸ், அப்புறம் எம்எஸ்சி, அதனால சொந்தக்காரங்க, தெருக்காரங்க, கூடப் படிச்சவங்கன்னு எல்லாரும் எனக்குத்தான் ஃபோன் பண்றாங்க. "பொண்ணுக்கு மேத்ஸ் நல்லா வருது, எந்த காலேஜ்ல சிஎஸ்இ கிடைக்கும்?" இதுதான் கேள்வி. மேத்ஸ் நல்லா வருதுன்னு ஆரம்பிச்சு அதே மூச்சுல சிஎஸ்இக்குப் போயிடறாங்க, நடுவுல யோசிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்குன்னே யாருக்கும் தோணறதில்ல.

இந்தப் பொங்கலுக்கு எங்க சித்தப்பா வீட்டுலயும் இதே பேச்சுதான். சித்தப்பாவுக்கு அம்மாப்பேட்டையில தறி, பொண்ணு கவர்மென்ட் ஸ்கூல்ல பன்னெண்டாவது. எல்லாரும் சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கும்போது அவ என் பக்கத்துல வந்து மெதுவா கேட்டா, "அக்கா, எனக்கு மேத்ஸே படிக்கணும்னு இருக்கு. ஆனா அது நெஜமாவே மேத்ஸ் புடிச்சிருக்கறதாலயா, இல்ல மேத்ஸ்ல மார்க் வர்றதால அப்படித் தோணுதா, அத எப்படிக்கா கண்டுபிடிக்கறது?" இவ்வளவு தெளிவா யாரும் என்கிட்ட கேட்டதில்ல. அவளுக்கு அன்னைக்கு சொன்னதையும் அதுக்கப்புறம் யோசிச்சதையும் சேர்த்து எழுதறேன், வேற யாருக்காவது உதவட்டும்.

மொதல்ல இந்தக் குழப்பம் எங்கிருந்து வருதுன்னு பார்த்தா, நம்ம ஊர் கட்-ஆஃப் கணக்குல இருந்துதான் பாதி வருது. 2007ல என்ட்ரன்ஸ் எடுத்ததுல இருந்து தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் சீட்டு முழுக்க பிளஸ் டூ மார்க்க வச்சுத்தான். மேத்ஸ் நூறுக்கு, பிசிக்ஸ் அம்பதுக்கு, கெமிஸ்ட்ரி அம்பதுக்கு, மொத்தம் 200. மேத்ஸ்ல 98, பிசிக்ஸ்ல 93, கெமிஸ்ட்ரில 95 வாங்கினா கட்-ஆஃப் 192. அதாவது மேத்ஸ்ல ஒரு மார்க் போனா முழுசா ஒரு மார்க் போச்சு, பிசிக்ஸ்ல போனா அரை மார்க்தான். பத்தாவதுல இருந்தே ட்யூஷன் சார் இதையேதான் சொல்லிட்டு இருப்பாரு, "மேத்ஸ விட்டுடாத, கட்-ஆஃப் போயிடும்"னு. அப்ப பிள்ளைங்க மனசுல மேத்ஸ்னா என்னவா பதியுது? இன்ஜினியரிங் காலேஜுக்குள்ள போற டிக்கெட்டா பதியுது. உள்ள போனதுக்கப்புறம் டிக்கெட்ட யாரு வச்சுப்பாங்க. மேத்ஸ அதுக்காகவே படிக்கலாம், மூணு வருஷம் அஞ்சு வருஷம் அதுலயே உக்காரலாம்னு ஒரு வழி இருக்குன்னு சொல்றதுக்கே ஆள் இல்ல.

அதைவிட முக்கியமான விஷயம், ஸ்கூல்ல மேத்ஸ்னு நாம படிக்கறது காலேஜ் மேத்ஸும் இல்ல, இன்ஜினியரிங்கும் இல்ல. பன்னெண்டாவதுல நூத்துக்கு நூறு வாங்கறது ஒரு தெறமை, அதுல சந்தேகமே இல்ல, கவனம் வேணும், பழக்கம் வேணும், வேகம் வேணும். ஆனா அந்த நூறு, இந்தப் பிள்ளை எதுக்குப் பொருத்தம்னு சொல்லாது.

ஒரு விஷயத்த கிட்டத்துல வச்சுக் காட்டறேன். நான் ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு எடுக்கற எம்1 பேப்பர்ல மொத யூனிட் மேட்ரிக்ஸ். அதுல கேலி-ஹாமில்டன் தியரம்னு ஒண்ணு. நம்பர்கள சதுரக் கட்டமா அடுக்கி வச்சா அது ஸ்கொயர் மேட்ரிக்ஸ், அத ஏ-ன்னு வச்சுக்கோங்க, அதுக்கு ஒரு கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன் இருக்கும், ஏ மைனஸ் லாம்டா ஐ, அதோட டிடெர்மினன்ட் ஈக்வல் டு ஜீரோ (லாம்டா ஒரு நம்பர், ஐ-ங்கறது ஐடென்டிடி மேட்ரிக்ஸ்). அந்த ஈக்வேஷன்ல லாம்டா இருக்கற இடத்துல அந்த மேட்ரிக்ஸையே போட்டாலும் ஜீரோ வரும், அவ்வளவுதான் தியரம். பரீட்சையில ஒரு மூணுக்கு மூணு மேட்ரிக்ஸ் குடுத்து வெரிஃபை பண்ணு, அதவச்சு இன்வர்ஸ் கண்டுபிடின்னு கேப்பாங்க. பசங்க அழகா போட்டுடுவாங்க, ஒரு வாரம் பழகினா தூக்கத்துல கூட வரும்.

இப்ப கிளாஸ்ல எப்பவாவது ஒரு பிள்ளை எழுந்து கேக்கும், "மேம், இது ஏன் எல்லா மேட்ரிக்ஸுக்கும் வரணும்?" நான் உடனே பதில் சொல்ல மாட்டேன், போர்டுல ஒரு வரி எழுதுவேன். லாம்டாவுக்கு பதிலா ஏ போட்டா ஏ மைனஸ் ஏ ஐ, அது ஜீரோ மேட்ரிக்ஸ், ஜீரோ மேட்ரிக்ஸோட டிடெர்மினன்ட் ஜீரோ, முடிஞ்சுது, தியரம் ப்ரூவ் ஆயிடுச்சு, சரியான்னு கேப்பேன். கிளாஸ்ல முக்கால்வாசிப் பேர் சரின்னு தலையாட்டி நோட்ல எழுதிடுவாங்க. ஒண்ணு ரெண்டு பேர் மட்டும் பேனாவ வச்சுட்டு போர்டையே பாத்துட்டு இருப்பாங்க. ஏன்னா அந்த ப்ரூஃப் தப்பு. டிடெர்மினன்ட் எடுத்தா வர்றது ஒரு நம்பர், ஆனா தியரம் சொல்றது ஒரு மேட்ரிக்ஸ் ஜீரோ ஆகுதுன்னு. இடது பக்கம் மேட்ரிக்ஸ், வலது பக்கம் நம்பர், ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? லாம்டா ஒரு நம்பருக்கான இடம், அங்க மேட்ரிக்ஸத் தூக்கி வச்சுட்டு டிடெர்மினன்ட் எடுக்கறதுக்கு அர்த்தமே இல்ல. விடை சரி, வழி ஓட்டை.

ஆர்தர் கேலிங்கற மேத்தமேட்டிஷியன் 1858ல இத எழுதினப்ப ரெண்டுக்கு ரெண்டுக்கு போட்டுக் காட்டினாரு, மூணுக்கு மூணுக்கும் சரிபார்த்துட்டேன்னாரு, பொதுவா எல்லாத்துக்கும் ப்ரூஃப் எழுதற வேலை அவசியம்னு தோணலன்னு விட்டுட்டாரு. முழுசா ப்ரூஃப் குடுத்தது ஃப்ரோபீனியஸ், 1878ல. இருபது வருஷம். அந்த இருபது வருஷத்துல தியரம் தப்பாவா இருந்தது? இல்ல. ஆனா ஏன் சரின்னு பொதுவா யாரும் எழுதி வச்சிருக்கல.

இந்த இடத்துல உங்களுக்கு என்ன தோணுதுன்னு கவனிங்க. "விடை சரியா வருதில்ல, வேலை நடக்குதில்ல, அடுத்த கணக்குக்குப் போவோம்"னு தோணுச்சுன்னா அதுல ஒரு குறையும் இல்ல, அது வேற விதமான மூளை, அதுக்கும் பெரிய பெரிய வேலைங்க காத்துட்டு இருக்கு. ஆனா "அய்யோ, அப்ப ஏன் சரியா வருது"ன்னு உறுத்திட்டே இருந்து, ராத்திரி சாப்பிடும்போதும் அதையே நெனச்சுட்டு இருந்தீங்கன்னா, நீங்க மேத்ஸ் படிக்க வேண்டிய ஆளு. என் சித்தப்பா பொண்ணுக்கு அன்னைக்கு ஒரு பழைய காலண்டர் பேப்பர் பின்னாடி இதத்தான் எழுதிக் காட்டினேன். அவ அந்தப் பேப்பர வாங்கிட்டு போயிட்டா. ரெண்டு நாள் கழிச்சு வாட்ஸாப்ல, "அக்கா, ரெண்டுக்கு ரெண்டுக்கு ஏ பி சி டி வச்சு போட்டுட்டேன், வருது, ஆனா ஏன்னு இன்னும் புரியல, சொல்லிடாதீங்க"ன்னு அனுப்பிச்சா. சொல்லிடாதீங்கன்னு சொன்னா பாருங்க, அதுக்கு மேல எனக்கு மார்க் ஷீட் எதுவும் தேவைப்படல.

இன்ஜினியரிங் பக்கம் வருவோம். மேத்ஸ் டீச்சர்ங்கறதால நான் மேத்ஸ் ஒசத்தி இன்ஜினியரிங் கம்மின்னு சொல்லுவேன்னு சில பேர் நெனைக்கறாங்க. அப்படி நெனச்சிருந்தா இத்தன வருஷம் இன்ஜினியரிங் பசங்களுக்கு எடுத்துட்டு இருக்க மாட்டேன்.

மேட்டூர் டேம் நிரம்பி வழியும்போது போய்ப் பாத்திருப்பீங்க. 120 அடி எட்டினதும் 16 கண் மதகுல தண்ணி திறந்து விடுவாங்க, பாலத்து மேல கூட்டம் நிக்கும், காதுல வேற எதுவும் விழாது, அவ்வளவு சத்தம். அந்தத் தண்ணி எப்படி ஓடுதுங்கறதுக்கு ஈக்வேஷன் இருக்கு. நேவியர் 1822ல ஆரம்பிச்சு ஸ்டோக்ஸ் 1845ல ஒழுங்குபடுத்தினது, நேவியர்-ஸ்டோக்ஸ்னு சொல்லுவாங்க. மூணு டைமென்ஷன்ல அந்த ஈக்வேஷனுக்கு எப்பவும் ஒழுங்கான சொல்யூஷன் இருக்குமா, நடுவுல எங்கயாவது உடைஞ்சு போயிடுமான்னு இன்னைக்கு வரைக்கும் யாராலயும் ப்ரூவ் பண்ண முடியல. கிளே இன்ஸ்டிட்யூட் 2000ல ஏழு கணக்கு அறிவிச்சு ஒவ்வொண்ணுக்கும் பத்து லட்சம் டாலர் பரிசு வச்சாங்களே, அதுல இதுவும் ஒண்ணு. ஏழுல தீர்ந்தது பாய்ங்கரே கணக்கு மட்டும்தான்.

ஆனா மேட்டூர் டேம் 1925ல ஆரம்பிச்சு 1934ல கட்டி முடிச்சாச்சு. 93 டிஎம்சிக்கு மேல தண்ணிய அந்தச் சுவர் தாங்கிட்டு நிக்குது. மதகு எவ்வளவு அகலம் வேணும், வெள்ளம் வந்தா எவ்வளவு தண்ணி வெளிய போகணும், சுவரோட அடியில எவ்வளவு கனம் இருக்கணும்னு அன்னைக்கு ஒக்காந்து முடிவு பண்ணவங்க, ப்ரூஃப் வரட்டும்னு காத்திருந்தா டெல்டாவுக்கு யாரு தண்ணி விடறது? அவங்க கையில இருந்தது பாதித் தகவல். பழைய மழைக் கணக்கு, மாடல் வச்சுப் பண்ற சோதனை, அனுபவம், எதுக்கும் இருக்கட்டும்னு விடற சேஃப்டி மார்ஜின். இத வச்சுட்டு, தப்பானா ஊரே போயிடும்னு தெரிஞ்சும், ஒரு தேதிக்குள்ள ஒரு முடிவு எடுத்துக் கையெழுத்து போடறாங்க பாருங்க, அதுதான் இன்ஜினியரிங். மேத்ஸ்காரங்களால அது முடியாது, நாங்க "இன்னும் ஒரு கண்டிஷன் செக் பண்ணல"ன்னு சொல்லிட்டு நிப்போம்.

என் தம்பி அந்த ரகம். கருப்பூர் கவர்மென்ட் காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சான். சின்ன வயசுல சித்தப்பா தறிக் கொட்டாய்லயேதான் கெடப்பான், குறுக்க நூல் எடுத்துட்டு ஓடற நாடா ஒரு பக்கம் மட்டும் தெறிச்சு விழுதுன்னா அது ஏன்னு பெரியவங்க பாத்து சரி பண்ற வரைக்கும் கூடவே நிப்பான், அப்புறம் அடுத்த தறிக்குப் போய் அங்கயும் அதே பிரச்சினை இருக்கான்னு பாப்பான். மேத்ஸ்ல அவன் சுமார்தான், எழுபது எண்பது வாங்குவான். ஆனா ஒரு மெஷின் சத்தத்துல வித்தியாசம் வந்தா வாசல்ல இருந்தே சொல்லிடுவான். காலேஜ்ல எம்3ல ஃபூரியே சீரிஸ் வந்தப்ப என்கிட்ட வந்து, "அக்கா, இந்த மேத்ஸ் எல்லாம் எனக்கு வேணாம், மெஷினோட வைப்ரேஷன்ல எந்த ஃப்ரீக்வன்சி அதிகம்னு மட்டும் பாக்கணும், அதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு சொல்லிக்குடு"ன்னான். அவன் கேட்டது ரொம்ப நேர்மையான கேள்வி. அவனுக்கு மேத்ஸ் ஒரு டூல், ஸ்பானர் மாதிரி, வேலைக்கு எடுத்துட்டு வேலை முடிஞ்சா வச்சுடுவான். எனக்கு அப்படி முடியாது, ஃபூரியே சீரிஸ் எந்த ஃபங்ஷனுக்கு கன்வர்ஜ் ஆகும்னு கேட்டுட்டுத்தான் நான் அடுத்த பக்கத்துக்கே போவேன். நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல வளர்ந்தவங்க.

அப்ப ரெண்டும் தனித்தனி உலகமான்னா, அதுவும் இல்ல. சேலத்துல சாயந்திரம் தட்டுவடை செட் சாப்பிடாதவங்க யாரு. அந்த தள்ளுவண்டியில ஒட்டியிருக்கற கியூஆர் கோடப் பாருங்க, ஒரு ஓரம் சட்னி பட்டு சிவந்திருக்கும், இன்னொரு ஓரம் கிழிஞ்சிருக்கும், ஆனாலும் ஃபோனக் காட்டினா உடனே ஸ்கேன் ஆகிடும். எப்படி? அந்தக் கட்டங்களுக்குள்ள தகவல் மட்டும் இல்ல, தகவல் அழிஞ்சா திரும்ப எடுக்கறதுக்கான எக்ஸ்ட்ரா நம்பர்களும் இருக்கு, அதிகபட்ச லெவல்ல வச்சா சுமார் 30% வரைக்கும் சேதமானாலும் மீட்டுடலாம். அதுக்குப் பேரு ரீட்-சாலமன் கோட். ரீட், சாலமன்னு ரெண்டு பேர் 1960ல எழுதின சின்ன பேப்பர், ரெண்டு பேருமே மேத்ஸ்ல பிஎச்டி. அது நிக்கறது ஃபைனைட் ஃபீல்டு மேல, மொத்தமே 256 எலிமென்ட் இருக்கற ஒரு நம்பர் சிஸ்டம், அதுல ஒண்ணும் ஒண்ணும் கூட்டினா ஜீரோ. அந்த ஃபீல்டு எல்லாம் எங்கிருந்து வந்ததுன்னா கால்வா கிட்ட இருந்து, 1832ல 20 வயசுல ஒரு டூயல்ல குண்டடிபட்டு செத்துப்போன பிரெஞ்சுப் பையன். அவன் கணக்குக்கு அன்னைக்கு ஒரு உபயோகமும் கிடையாது.

ஆனா மேத்ஸ் மட்டும் இருந்திருந்தா அந்த வண்டியில கியூஆர் வந்திருக்காது. சேதமான கோட வேகமா சரி பண்ற வழிய 1960கள் கடைசியில பெர்லிகாம்ப், மேஸின்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சாங்க, ரெண்டு பேரும் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்ல பிஎச்டி பண்ணவங்க. 1994ல ஜப்பான்ல டென்சோ கம்பெனி, கார் பார்ட்ஸ கணக்கு வச்சுக்கறதுக்காக கியூஆர் கோட உருவாக்கினாங்க, ஃபேக்டரியில அழுக்கும் கிரீஸும் பட்டாலும் படிக்கணுமே, அந்தத் தேவைதான். இது இன்ஜினியருங்களுக்கு மட்டும் தோணற தேவை. நம்ம நாட்டுலயே பாருங்க, ஒரு நம்பர் பிரைமா இல்லையான்னு வேகமா, சந்தேகமே இல்லாம கண்டுபிடிக்கற வழிய 2002ல ஐஐடி கான்பூர்ல மணீந்திர அகர்வாலும் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் குடுத்தாங்க. சுத்தமான நம்பர் தியரி, ஆனா அது வந்தது கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மென்ட்ல இருந்து.

சரி, இதையெல்லாம் சித்தப்பாகிட்ட சொன்னா அவரு ஒத்துக்கணுமே. பொறுமையாத்தான் கேட்டாரு. கேட்டுட்டு, "நீ சொல்றதெல்லாம் சரி கண்ணு. ஆனா மேத்ஸ் படிச்சா வாத்தியார் வேலை தவிர வேற என்ன இருக்கு? அதுவும் வாத்தியார் வேலைக்கான டிஆர்பி பரீட்சை எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"னாரு. பெரியப்பா பக்கத்துல இருந்து, "இவ என்ன ராமானுஜமா?"ன்னாரு.

இந்த ரெண்டாவது கேள்வி எனக்கு ரொம்ப வலிக்கும். ராமானுஜன் பொறந்த ஈரோடு நம்ம பக்கத்து ஊரு, 1887ல பொறந்தவரு, அவர வச்சே நம்ம பிள்ளைங்கள பயமுறுத்தறோம். இன்ஜினியரிங் சேர்ற பிள்ளைகிட்ட "நீ என்ன விஸ்வேஸ்வரய்யாவா"ன்னு யாராவது கேக்கறாங்களா? ராமானுஜன் மாதிரி ஆளுக்கு எந்த டிபார்ட்மென்டும் தேவைப்படல. டிபார்ட்மென்ட், வகுப்பு, டீச்சர் எல்லாம் நம்ம மாதிரி ஆளுங்களுக்குத்தான், படிப்படியா கத்துக்கிட்டு மேல வர்றவங்களுக்கு. அப்படி வந்தவங்களும் சின்ன ஆளுங்க இல்ல. சென்னை பிரசிடென்சி காலேஜ்ல 1959ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆனர்ஸ் முடிச்ச எஸ்.ஆர். சீனிவாச வரதன் 2007ல மேத்ஸுக்குக் குடுக்கற பெரிய பரிசான ஏபெல் பரிசு வாங்கினாரு. லயோலா காலேஜ்ல ஃபாதர் ரசீன்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார் மேத்ஸ் எடுத்தாரு, அவர்கிட்ட படிச்ச எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் சேர்ந்து 1965ல குடுத்த தியரம் இன்னைக்கும் உலகம் பூரா இவங்க பேர்லதான் இருக்கு. சேஷாத்ரிதான் பின்னாடி சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்ட உருவாக்கினாரு, சிஎம்ஐ-ன்னு சொல்லுவாங்க, இப்ப சிறுசேரியில இருக்கு.

வேலை விஷயத்துக்கு நேரா பதில் சொல்லணும், சித்தப்பா கேட்டது நியாயம். பிஎஸ்சி மேத்ஸ் முடிச்ச உடனே கிடைக்கற சம்பளமும் நல்ல காலேஜ்ல பிஇ முடிச்சு கேம்பஸ்ல கிடைக்கற சம்பளமும் ஒண்ணு இல்ல, அத மறைக்கறதுல அர்த்தம் இல்ல. வீட்டுல கடன் இருக்கு, நாலு வருஷத்துல ஒரு சம்பளம் வந்தே ஆகணும்னா பிஇ எடுக்கறதுல தப்பே கிடையாது. மேத்ஸ்ல பலன் லேட்டாத்தான் வரும், எம்எஸ்சி வரைக்குமாவது போகணும். அதுக்கப்புறம் டீச்சிங், ரிசர்ச், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், டேட்டா சயின்ஸ், இன்ஷூரன்ஸ்ல ரிஸ்க் கணக்கு போடற ஆக்சுவரி, எம்சிஏ பண்ணி சாஃப்ட்வேர்னு வழி பிரியும்.

இன்னொரு உண்மையும் சொல்லணும். பிஎஸ்சி மேத்ஸ்னு போர்டு மாட்டின எல்லா இடத்துலயும் மேத்ஸ் நடக்கறதில்ல. தியரமும் ப்ரூஃபும் நோட்ஸா குடுத்து, அத அப்படியே மனப்பாடம் பண்ணி எழுதற காலேஜ் நிறைய இருக்கு. நான் படிச்ச இடத்துலயும் ரியல் அனாலிசிஸ் ப்ரூஃப வரி மாறாம ஒப்பிக்கச் சொன்னாங்க. ஒரே ஒரு மேடம் மட்டும் கிளாஸ் முடிஞ்சும் உக்காந்து, இந்தக் கண்டிஷன எடுத்துட்டா தியரம் எங்க உடையுதுன்னு ஒரு எக்ஸாம்பிள் சொல்லுன்னு கேப்பாங்க. அந்த மேடம் இல்லன்னா இன்னைக்கு நான் இத எழுதிட்டு இருக்க மாட்டேன். அதனால பிஎஸ்சி சேர்றதுன்னா காலேஜ் பேர விட, அங்க அனாலிசிஸும் அல்ஜீப்ராவும் யாரு எடுக்கறாங்கன்னு விசாரிங்க, செகண்ட் இயர் படிக்கற பிள்ளைங்ககிட்ட கேட்டா ரெண்டே நிமிஷத்துல சொல்லிடுவாங்க. கிளாஸ் சரியில்லன்னாலும் இப்ப வழி இருக்கு, என்பிடெல்ங்கற ஆன்லைன் தளத்துல ஐஐடி லெக்சர் எல்லாம் ஃப்ரீ, எம்டிடிஎஸ்-னு 1993ல இருந்து நடக்கற மேத்ஸ் கோடைப் பயிற்சி இருக்கு, அதுல ஒரு தடவ போயிட்டு வந்த பிள்ளைங்க வேற ஆளா திரும்பி வர்றத நான் பாத்திருக்கேன்.

எந்தப் பக்கம் போனாலும் கதவு மூடிடும்னு பயப்படறாங்க, அந்த பயம் வேணாம். பிஎஸ்சி முடிச்சிட்டு பிஇ நேரா செகண்ட் இயர்ல லேட்டரல் என்ட்ரியில சேரலாம், டிப்ளமோ முடிச்சவங்களுக்கு மட்டும்தான்னு நிறைய பேர் நெனைச்சிட்டு இருக்காங்க, பிஎஸ்சி முடிச்சவங்களுக்கும் உண்டு. பிஎஸ்சி முடிச்சு ஜேஏஎம்-ங்கற என்ட்ரன்ஸ் எழுதி ஐஐடியில எம்எஸ்சி போகலாம். பிஇ முடிச்சுட்டு ஐஎஸ்ஐ-ல, அதாவது இந்தியன் ஸ்டாட்டிஸ்டிக்கல் இன்ஸ்டிட்யூட்ல, எம்.மேத் என்ட்ரன்ஸ் எழுதலாம். ஆனா நம்ம பக்கத்து யூனிவர்சிட்டிகள்ல எம்எஸ்சி மேத்ஸுக்கு பெரும்பாலும் பிஎஸ்சி மேத்ஸே கேப்பாங்க, அதனால பிஇ-ல இருந்து மேத்ஸுக்கு வர்றது கொஞ்சம் கஷ்டமான ரோடு, அனாலிசிஸ், அல்ஜீப்ரா எல்லாம் தனியா உக்காந்து படிக்கணும். ரெண்டு மனசா இருக்கறவங்க இத ஞாபகம் வச்சுக்கங்க.

காசு பத்தி சித்தப்பாவுக்குத் தெரியாத ஒண்ணு சொன்னேன். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பிள்ளைங்களுக்கு 2021ல இருந்து இன்ஜினியரிங்ல 7.5% தனி ஒதுக்கீடு, அதுல சேர்ந்தா ஃபீஸ கவர்மென்டே கட்டும். புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா பிஇ-க்கும் வரும் பிஎஸ்சி-க்கும் வரும். கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல ஃபீஸ் ரொம்பக் கம்மி. ஐஎஸ்ஐ-ல பி.மேத், பி.ஸ்டாட் சேர்ந்தா ட்யூஷன் ஃபீஸே கிடையாது, மாசாமாசம் ஸ்டைபெண்டும் குடுப்பாங்க. சிஎம்ஐ-ல ஃபீஸ் உண்டு, சலுகை என்னன்னு முன்னாடியே கேட்டுக்கணும். இதக் கேட்டதும் சித்தப்பா மொகம் கொஞ்சம் தெளிஞ்சுது, அவரோட பாதி பயம் இது சம்பந்தப்பட்டதுதான், பாவம், வாய்விட்டு சொல்லல.

இதுல ஒண்ணு கவனிக்கணும். சிஎம்ஐ, ஐஎஸ்ஐ என்ட்ரன்ஸ் ரெண்டும் மே மாசம் வாக்குல நடக்கும், அப்ளிகேஷன் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுக்கப்புறம் யோசிக்கலாம்னு இருந்தா அந்த வருஷம் போச்சு. என்னோட ஸ்டூடன்ட்ஸ்ல ரெண்டு மூணு பேருக்கு இந்த இடங்கள் இருக்கறதே ஃபர்ஸ்ட் இயர் கிளாஸ்ல நான் சொல்லித்தான் தெரிஞ்சுது, அதுல ஒரு பொண்ணு அழுதுட்டா. அவளுக்கு ப்ரூஃப்னா உயிரு. அவங்க வீட்டுலயோ ஸ்கூல்லயோ ஒருத்தர் ஒரே ஒரு வாட்டி சொல்லியிருந்தா போதும்.

சித்தப்பா பொண்ணுக்கு இப்ப ஒரு வேலை குடுத்திருக்கேன். ஐஎஸ்ஐ-யோட பழைய கேள்வித்தாள் அவங்க சைட்லயே கிடைக்கும், அதுல விரிவா எழுதற பேப்பர் ஒண்ணு இருக்கு, 2 மணி நேரத்துல 8 கணக்கு. டைம் எல்லாம் வைக்காத, எட்டும் போட வேணாம், ஒரே ஒரு கணக்க எடுத்துட்டு ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து பாரு, விடை வராட்டியும் பரவால்ல, சாயந்திரம் உனக்கு எரிச்சலா இருக்கா, இல்ல நாளைக்கும் அதையே எடுக்கணும்னு இருக்கான்னு மட்டும் பாருன்னு சொன்னேன். கூடவே, லீவுல என் தம்பிகூட ஒரு நாள் அவன் வேலை பாக்கற ஃபேக்டரிக்குப் போய்ட்டு வரச் சொல்லியிருக்கேன், ஒரு மெஷின் நின்னு போனா அங்க எல்லாரும் எப்படி யோசிக்கறாங்க, எத விட்டுட்டு எத முதல்ல பாக்கறாங்கன்னு கிட்டருந்து பாக்கட்டும். அதப் பாத்து கண்ணு விரிஞ்சுதுன்னா நான் சொன்ன மேத்ஸ் கதையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு பிஇ போகட்டும், நானே சாய்ஸ் ஃபில்லிங் பண்ணித் தர்றேன்.

சித்தப்பா ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கிட்டாரு. சிஎம்ஐ, ஐஎஸ்ஐ ரெண்டுக்கும் அப்ளிகேஷன் போடறது, ரிசல்ட் வந்ததும் இன்ஜினியரிங் சீட்டுக்கான டிஎன்இஏ கவுன்சலிங்குக்கும் பதிவு பண்றது, கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல பிஎஸ்சி மேத்ஸுக்கும் போட்டு வைக்கறது. கடைசி முடிவு அவளோடது, வீட்டுல யாரும் குறுக்க பேசக் கூடாது, பெரியப்பா உட்பட. சித்தி மட்டும் இன்னும் ஒண்ணு கேட்டாங்க, சிறுசேரியில பொண்ணுங்க ஹாஸ்டல் எப்படி இருக்கும், சேலத்துல இருந்து எத்தன மணி நேரம்னு. அத நேர்ல போய்ப் பாத்துட்டு வர்றதுன்னு முடிவாகியிருக்கு, நானும் கூடப் போறேன்.